கதவோரச் சீட்

நம்பாதவர்கள் நம்பாமல் இருக்கலாம். ஆனால் இது நடந்தது. வேன் இன்றும் மெக்கானிக் நிஸார் பாஸின் கராஜில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. போய்ப் பார்க்கலாம். தனியாக மட்டும் போக வேண்டாம்.

இந்திரகுமார் ஏமாளி இல்லை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் புளத்கொகுபிட்டிய பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போக அந்தப் பழைய வேனை வாங்கியபோதே, விபத்தில் சிக்காத வண்டி, தண்ணீரில் கிடக்காத வண்டி என்று புரோக்கரிடம் எழுதி வாங்கியவன்.

அந்தப் பக்கத்து ஸ்கூல் வேன்களில் பெல் கிடையாது. கதவோரம் இருக்கும் பிள்ளை தகரத்தில் தட்டும். ஒருமுறை தட்டினால் நிறுத்து. இரண்டு முறை தட்டினால் போ.

மூன்றாம் நாள். பிள்ளைகளை எல்லாம் இறக்கியாயிற்று. வெறும் வேன். பகல் 1.52. ஆற்றுப் பாலம்.

டக்.

பழக்கத்தில் நிறுத்தினான். திரும்பினான். யாரும் இல்லை. கதவோரச் சீட் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது... வெளியே நல்ல வெயில்.

டக். டக்.

போனான். வேறென்ன செய்வான்?

தினமும் இதே கதை. நிஸார் பாஸ் கால்மிதியைத் தூக்கினால் அடியில் ஆற்று மணல். வண்டி முழுசாகத் தண்ணீருக்குள் கிடந்திருக்கிறது என்றார். கேகாலையில் வழக்குப் பேசும் லோயர் ஸாஹிரா புரோக்கரின் கடிதத்தைப் படித்துவிட்டுத் தைரியம் சொன்னார். தெரிந்தே மறைத்து விற்றிருந்தால் சட்டம் வாங்கியவன் பக்கம்தான். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காசைக் கேட்கலாம். ஆனால் இதைச் சொல்லாமல் நீங்கள் இன்னொருவர் தலையில் கட்டினால், அதே குற்றம் நாளை உங்கள் மேல் என்றும் சொன்னார்.

வழக்கு வருஷக்கணக்கில் இழுக்குமே என்று அவனுக்குப் பயம். பக்கத்துத் தோட்டத்து இருளப்பன் அண்ணன் ஸ்கூல் வேன் தேடிக்கொண்டிருந்தார். இந்திரகுமார் வாயை மூடிக்கொண்டு விலை பேசினான். வெட்கக்கேடுதான்.

ஒப்படைக்கக் கிளம்பிய நாள். மழை. 1.52. பாலம்.

டக்.

அவன் நிறுத்தவில்லை.

டக். இன்னும் பலமாக.

என்ஜின் தானாக நின்றது. கதவு திறக்கவில்லை. காலடியில் தண்ணீர்... கணுக்கால்... முழங்கால்...

போனை எடுத்தான்.

"அண்ணே... வாங்காதீங்க. வண்டி தண்ணிக்குள்ள கெடந்தது. நான்தான் மறைச்சேன்."

மழைச் சத்தம்.

டக். டக்.

என்ஜின் ஓடியது. தரை காய்ந்திருந்தது.

வழக்குப் போட்ட பிறகுதான் பழைய இன்சூரன்ஸ் அறிக்கை ஸாஹிராவின் கைக்கு வந்தது. வேன் ஆற்றில் விழுந்தது அதே பாலத்தில். அதே 1.52. மற்ற எல்லோரும் தப்பியிருந்தார்கள். கதவோரம் இருந்த பிள்ளைக்கு மட்டும் கதவு திறக்கவில்லை.

சாட்சிக்காக நிஸார் பாஸ் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்த புது ரெக்சினை உரித்தார். தகரம் முழுக்கக் குழிகள், சின்னக் கை அளவில், உள்ளிருந்து வெளியே. படம் எடுத்து எண்ணினார்கள். பதினேழு.

நீதிமன்றத்தில் இருந்து வண்டியைப் பார்க்க வருவதற்கு முதல் நாள் பகல், 1.53க்கு இந்திரகுமாரின் போன் அடித்தது. நிஸார் பாஸ்.

"தம்பி, கராஜப் பூட்டித்தான் வெச்சிருந்தேன். இப்பதான் எண்ணினேன்... பதினெட்டு ஈக்கிது."