மன்னார் ஜெபவீட்டுக்கு ஆள் சேர்த்த பாடு

உபதேசியார் உத்தியோகம் என்றால், கூப்பிடாத வீட்டுக்குப் போய், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, கொடுக்காத தண்ணீருக்கு நன்றி சொல்லித் திரும்புவது. என்னோடு வெயிலில் காய்ந்த சக உபதேசிமாரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து என்னை மன்னாருக்கு அனுப்பிய வெள்ளைக்காரப் பெரிய பாதிரியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாரி தொடங்குமுன் நேரில் வருவாராம். ஜெபவீட்டில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்க வெளியாள் ஒருவராவது இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். பூட்டினால் நான் மாமனாரின் புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்க வேண்டியதுதான். மாமனார் அதற்காகவே காத்திருந்தார். எனக்கோ மன்னார் பிடித்துப் போயிருந்தது. என் பேச்சை இங்கே ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் ஒருவரும் என்னைத் துரத்தவும் இல்லை.

கடல்கட்டியின் குடிசை

கொண்டச்சிக் கடற்கரையில் முத்துக்குளிப்பு என்று கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மன்னார்த் தீவு முழுக்கத் தேடியும் அகப்படாத கூட்டம், ஒரே மணலில்! துண்டுப்பிரசுரக் கட்டோடு ஓடினேன். ஒரு மரப்பெட்டியில் ஏறி நின்று, சுறாவின் வாயை மந்திரத்தால் கட்ட முடியாது, கடவுள் ஒருவரே காப்பவர் என்று தொண்டை கிழியப் பேசினேன். குளிகாரர் எல்லாரும் தலையாட்டினார்கள். "நீங்கள் கேட்டால் அவர் காப்பாரோ?" என்றார் ஒருவர். "காப்பார்" என்றேன். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மறுநாள் இரண்டு பேர் வந்து என் கையைப் பிடித்து அழைத்துப்போய், ஓர் ஓலைக் குடிசைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே கடல்கட்டி இருந்தார். சுறா அண்டாமல் மந்திரம் சொல்லும் அவர், தோணிகள் கரை திரும்பும்வரை அன்னம் தண்ணீர் இல்லாமல் அடைபட்டிருப்பது வழக்கம். அவருடைய மந்திரமும் என் ஜெபமும் சேர்ந்தால் இரட்டைக் காவல் என்று குளிகாரர் முடிவு கட்டிவிட்டார்களாம். நான் வெளியேறினால் ஒருவரும் கடலில் இறங்கமாட்டார்களாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடல்கட்டி பாயில் நகர்ந்து இடம் விட்டார். "இருங்கோ தம்பி. பசிச்சால் கதைக்காதேங்கோ. கதைச்சால் இன்னும் பசிக்கும்."

மரைக்காரின் காது

மன்னார்ப் பட்டினத்தில் துணிக்கடை வைத்திருந்த மரைக்காருக்கு வாதம் என்றால் உயிர். ஈசா நபி என்று அவர் சொல்லும் இயேசுவைப் பற்றி நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார். நடுவில் பாங்கு கேட்டால் எழுந்து போய்த் தொழுதுவிட்டு, விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடங்குவார். வாதத்தில் நான் ஒருநாளும் வென்றதில்லை, சோறு மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

மனம் சலித்த ஒரு மத்தியானம், பெரிய பாதிரியாரின் நிபந்தனையை அவரிடமே சொல்லி அழாக்குறையாக உட்கார்ந்தேன். மரைக்கார் சிரித்தார். "பிரசங்கம் கேக்க ஆள்தானே வேணும்? நான் வாறன். ஈமானை மாத்தச் சொல்லிக் கேக்காதேங்கோ, காதைத் தாறன்."

வெறும் சுவர்

தோட்டவெளியிலிருந்து கருவாடு கொண்டுவரும் மதலேனம்மா கத்தோலிக்கர். அவர்களுக்குப் புரட்டஸ்தாந்துக்காரராகிய நாங்கள் பதிதர், வேதம் பிரட்டினவர்கள். ஆனபடியால் அவர் எங்கள் ஜெபவீட்டு வாசலை மிதிப்பதில்லை. ஒருநாள் ஆசை தாங்காமல் சன்னலால் எட்டிப் பார்த்தார். ஒரு மேசை, ஒரு வேதபுத்தகம், நான்கு சுவர். "ஒரு சுருவம்கூட இல்லையோ?" என்றார். கடவுள் ஆவியாயிருக்கிறார், ஆகவே நாங்கள் சிலை, சுருவம் ஒன்றும் வைப்பதில்லை என்று நான் வசனங்களோடு விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "வெக்கப்படாதேங்கோ உபதேசியார். இல்லாத ஆக்கள் இப்பிடித்தான் சொல்லுவினம்."

பெரிய பாதிரியார் வந்த நாள்

இறங்குதுறையில் பாதிரியாரை வரவேற்று அழைத்து வந்தேன். தெருமுனை திரும்பினோம். ஜெபவீடு நிரம்பி வழிகிறது! முக்காடு போட்ட பெண்கள், ஆண்கள், சன்னலில்கூட ஆட்கள். பாதிரியார் என் தோளை இறுகப் பற்றினார். வாசலுக்குப் போனோம். மேசைமேல், பூமாலையும் மெழுகுதிரியுமாய், அந்தோனியார் சுருவம்.

மதலேனம்மாவின் வீட்டுச் சுருவம் அது. பெரிய பாதிரியார் வருகிறார் என்று கேள்விப்பட்டு, எங்கள்மேல் இரக்கப்பட்டு, மிதியாத வாசலையும் மிதித்து அன்றைக்கு இரவலாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். சுருவம் எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டில் கூடிச் செபம் சொல்வது அவர்கள் வழக்கம். அதனால்தான் அத்தனை பேர்.

"அது வெளியே போக வேண்டும்" என்றார் பாதிரியார், முகம் சிவந்து. சுருவம் போனால் கூட்டம் போகும், கூட்டம் போனால் நான் துலாவுக்குப் போவேன். மதலேனம்மாவோ பெருமையோடு என்னைப் பார்த்து நிற்கிறார். அவரை எப்படி நோகப் பண்ணுவது? இரண்டு கையாலும் சுருவத்தைப் பக்குவமாகத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். பாட்டோடு எல்லாரும் பின்னால் வந்தார்கள். மதலேனம்மாவின் வண்டியில் அதை ஏற்றிவிட்டுத் திரும்பினேன். பாதிரியார் வாசலில் நிற்கிறார், கையில் திறப்பு.

உள்ளே கடைசி வாங்குப் பலகையில் ஒரு தொப்பி தெரிந்தது. மரைக்கார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "வெறும் சுவர் எங்களுக்குப் பழக்கம்தான் ஐயா. நீங்கள் தொடங்குங்கோ."

 பாதிரியார் திறப்பை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போய், முழுப் பிரசங்கத்தையும் அந்த ஒருவருக்கே செய்தார்.

சக உபதேசிமாரே, மன்னாரில் எங்கள் சபை இன்றும் நிற்பது ஒரு முஸ்லிமின் பொறுமையால்தான் என்பதை என் மாமனாரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.