கீறல் ஆட்டம் ஆடிய சூசை

டோல்கேட் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் ஏணி மேல் நின்று குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். சைக்கிளில் வந்த சூசையின் மச்சான் கீழே நின்றபடியே, "மாமு, எறங்கு. சூசை பூட்டான்" என்றான். கல்யாண வீட்டாரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்பது நினைவில்லை.

ராயபுரத்தில் சாவு வீட்டு வாசலிலேயே ஒருவர், "ஆடி ஆடியே கழுத்த ஒடிச்சிக்கினான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை அறிந்தவர்களே, அது பொய்.

முன்பொரு முறை காலடிப்பேட்டைத் திருவிழாவில் ரெக்கார்ட் டான்ஸ். மைக் செட் என்னுடையது. பாட்டின் நடுவே தாளம் மட்டும் வரும் இடத்தில் இசைத்தட்டின் கீறலில் முள் சிக்கி, அதே துண்டு திரும்பத் திரும்ப வந்தது. கூட்டம் ஊளையிட்டது. நான் முள்ளைத் தூக்கப் போனேன். "கை வெக்காத! ஓடட்டும்!" என்று மேடையிலிருந்து கத்தினான் சூசை. தாளம் சிக்கும்போதெல்லாம் தானும் சிக்கினான். தோள் வெட்டியது, முழங்கால் வெட்டியது. பிறகு மேடைப் பலகையில் முதுகை வைத்துப் பம்பரமாகச் சுற்றினான். கடைசியில் தலைகீழாக நின்று தலையாலேயே சுற்றினான். அப்படியோர் ஆட்டத்தை எங்கள் பக்கம் அதற்கு முன் யாரும் ஆடியதில்லை. கீறல் ஆட்டம் என்று நாங்களே பெயர் வைத்தோம். அதன்பின் எண்ணூர் வரைக்கும் அந்தத் தட்டைத்தான் கேட்டார்கள். "புதுசு வாங்கிடாத மாமு, பொயப்பு பூடும்" என்பான்.

பகலில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தான். கழுத்து வலி வந்தது. மூட்டை, ஆட்டம் இரண்டையும் இந்தக் கழுத்து தாங்காது, ஒன்றை விடு என்றார் டாக்டர். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். "மூட்டதான் சோறு போடுது. ஆட்டத்துக்கு கைதான் தட்டுவானுங்கோ" என்றான். அன்றோடு நிறுத்தினான். பாட்டுச் சத்தம் கேட்டால் வேறு தெரு வழியாகப் போவான். அடுத்த மழைக்காலத்தில், மூட்டையோடு கப்பலுக்குப் போட்ட பலகையில் ஏறும்போது கால் வழுக்கியது. மூட்டை கழுத்தின் மேலேயே விழுந்தது. அப்புறம் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. ஆட்டம் அவனை ஒன்றும் செய்யவில்லை ஐயா.

போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். தெருவில் யாருடைய சாவு ஊர்வலமோ போனது. மேளம் நெருங்க நெருங்க அவன் முகம் மாறியது.

"மாமு, காலு ஆடற மாரி கீது. பாரு."

போர்வையை விலக்கிப் பார்த்தேன். இரண்டும் கட்டையாகக் கிடந்தன.

"ஆடுதுடா" என்றேன்.

"எந்தக் காலு?" என்று கேட்டான்.

மேளம் கடந்து போய்விட்டது. நான் போர்வையை இழுத்து மூடினேன். அவன் எனக்கு விட்டுச் சென்றது அந்தக் கேள்வி ஒன்றுதான். வலது என்றாவது சொல்லியிருக்கலாம்.