சேகரித்தவர்: பாக்கியம்

பாக்கியம் இறந்துவிட்டார். காலையில் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு வரி. எங்கள் தாவரவியல் துறை லேப் அட்டெண்டர். ஹார்ட் அட்டாக்காம்...

கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு அதைப் பார்க்கவே கூசியது.

பதினோரு வருடம் ஒரே ரூமில் வேலை பார்த்தோம். செடிகளை அமுக்கிக் காயவைத்து, தாளில் ஒட்டி அலமாரியில் அடுக்குவது அவர் வேலை. ஓரத்தில் லேபிள் எழுதி ஒட்டுவது என் வேலை.

ஒருமுறை குன்றக்குடிப் பக்கத்துப் பாறைக்காட்டிலிருந்து கள்ளிமுளையான் செடி பூவோடு கொண்டுவந்தார். பூவுக்குள் குட்டிக் குட்டி ஈ. எனக்கு வந்ததே கோபம்! "ஏம்மா, இது லேபா, கசாப்புக் கடையா? ஈயோடவா அமுக்குவாங்க?" மாணவர்கள் முன்னால்தான் கேட்டேன். ஈயை உதறிக் குப்பையில் போடச் சொன்னேன்.

அவர் போடவில்லை. தீப்பெட்டியில் எடுத்து வைத்திருந்தார். மறுநாள் லென்ஸோடு என் மேஜைக்கு வந்தார்.

"கோவிக்காம ஒருக்கா பாருங்க சார். ஈ வாயில மஞ்சளா ரெட்டைப் பை ஒட்டியிருக்கு. எருக்கம்பூவுலயும் இதே பைதேன். காயும் அதே மாதிரி வெடிச்சுப் பஞ்சு பறக்குது. ரெண்டும் பங்காளிக சார்!"

அந்தப் பைதான் மகரந்தம். இரண்டும் ஒரே குடும்பம் என்று நான் புத்தகத்தில் படித்து பாஸானவன். அவர் கண்ணால் பார்த்தே சொன்னார். எந்த ஈ அதைச் சுமக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

அந்த ஈயைப் பற்றி ஆய்விதழில் கட்டுரை வந்தது... என் பெயரில்.

"களை வெட்டையில கள்ளிமுளையானைப் பிடுங்கித் தின்போம், பசியே தெரியாது" என்று அவர் சொன்னதும் அதில் இருக்கிறது. "உள்ளூர் மக்கள் கூறுகின்றனர்" என்று. கடைசியில் ஆய்வக உதவியாளருக்கு நன்றி. பெயர் கிடையாது.

அதைக் காட்டியபோது, "நம்ம ஈயா சார் இது? போட்டோவுல எம்புட்டுப் பெருசா இருக்கு!" என்று சிரித்தார். அன்றைக்கு எனக்கு வெட்கமே வரவில்லை. சே...

இன்று அலமாரியைத் திறந்தேன். அவர் காடு மேடெல்லாம் அலைந்து பறித்த அத்தனை செடியிலும் "சேகரித்தவர்" என்ற இடத்தில் என் பெயர். பழைய லேபிளைக் கிழிக்கக் கூடாது, பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டலாம். பேனாவை எடுத்தேன்.

இனிஷியல் தெரியவில்லை. பதினோரு வருடம்!

மதியம் வீட்டுக்குப் போய் மாலை போட்டேன். அவர் கணவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மூனா, சார். மு. பாக்கியம்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானே அந்த ஈ சாரு? 'சாரு என் பேரைப் புத்தகத்துல போட்டிருக்காக'ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா சார்."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

கள்ளிமுளையான் தாளில் சீட்டு ஒட்டியாகிவிட்டது. இன்னும் அலமாரி நிறைய இருக்கிறது.

போய் வாங்க, மு. பாக்கியம்...