காப்புக்கு முன் எல்லை தாண்டியவள்

பஞ்சாட்சரத்தின் பேத்தி, கெங்கம்மாளின் இளைய மகள் தேவயானி. அந்த வம்சத்தில் பி.காம். முடித்த முதல் ஆள். இரண்டு வருஷம் செங்கத்து ஆடிட்டரிடம் ஓடியது. அவரும் ஆளைக் குறைத்தார். அப்புறம்தான் வேலூர் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. அமெரிக்கக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிற வேலை.

“ஏன், அங்க கணக்கு எய்த ஆளே இல்லியா?” என்றார் தாய்மாமன் ஜீவானந்தம்.

“இருக்காங்க மாமா. ஒருத்தர் சம்பளத்துல இங்க நாலு பேர வெச்சிக்கலாம்.”

“அப்ப நீ கால் வெலயா?”

“செங்கத்துல அந்தக் காலும் இல்லியே!”

திங்கட்கிழமை சேரச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம், மலைமேல் இருக்கும் அவள் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. கட்டிவிட்டால் எட்டு நாள் ஊரார் யாரும் வெளியே இராத்தங்கக் கூடாது. அதற்கு முன்பே வெளியே போனவர், திருவிழா முடியும்வரை எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. அமெரிக்க நேரத்துக்கு ராத்திரி வேலை என்பதால் தினம் போய்வரவும் வழியில்லை. திருவிழா முடிந்து வருகிறேன் என்று மெயில் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள் தேவயானி. மலையில் காப்பு என்றால் மறுபேச்சு கிடையாது. பதில் வராததைச் சம்மதம் என்றே நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாவிளக்குக்கு இடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கூடப் படித்த கலசப்பாக்கத்து நிவேதா. அதே கம்பெனியில் இருப்பவள்.

“இன்னாடி, மாவு இடிக்கிறியா? நாளைக்கு வரலன்னா உன் சீட்டு வேற ஆளுக்கு. பி.காம். முடிச்சவங்க வாசல்ல க்யூ கட்டி நிக்கிறாங்க.”

கெங்கம்மாள் மகள் கையிலிருந்த உலக்கையை வாங்கிக்கொண்டாள். “நான் இடிச்சிக்கிறேன். காப்பு கட்டப் பம்பை அடிக்கிறதுக்குள்ள எல்லக்கல்லத் தாண்டிடு.”

ஜீவானந்தம் பைக்கை எடுத்தார். கல்லைத் தாண்டி இரண்டாவது வளைவில் இறங்கும்போது மேலே பம்பைச் சத்தம் கேட்டது. அப்போதுதான் தேவயானி மடியைத் தடவினாள்.

“மாமா, சர்டிபிகேட் ஃபைல வூட்லயே வுட்டுட்டேன்!”

“இப்ப நீயும் போக முடியாது, நானும் போக முடியாது. உன்னால எட்டு நாளைக்கு நான் மச்சான் வூட்டு சோறு.”

காலையில் ஒரிஜினல் காட்டாமல் சேர்க்க மாட்டார்கள். அன்றிரவு நிவேதாவின் அறையில் தேவயானி கண்மூடவில்லை. அம்மாவின் போனும் ஸ்விட்ச் ஆஃபில் கிடந்தது.

காலை பத்து மணிக்குக் கம்பெனி வாசலில் வாட்ச்மேனோடு ஒரு பொம்பிளை மல்லுக்கு நின்றாள். கெங்கம்மாள்தான். முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

“பரண்ல கண்டேன். இந்தா.”

“உள்ள வந்து தண்ணியாச்சும் குடிம்மா.”

“பொழுது சாயறதுக்குள்ள ஊர் சேரணும்டி. காப்பு கட்டியிருக்கு.”

தேவயானி மாடியில் கையெழுத்துப் போடுகிற நேரம், பெற்றவள் மலைக்குத் திரும்பும் அமிர்தி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தாள்.