மாதம் இரண்டு புத்தகம்

கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற வருடம், நானும் என் கணவரும் ஒரு போட்டி வைத்துக்கொண்டோம். ஆளுக்கு மாதம் இரண்டு புத்தகம். டிசம்பர் கடைசியில் உட்கார்ந்து, படித்த ஒவ்வொன்றின் கதையையும் மற்றவருக்குச் சொல்ல வேண்டும்.

"கதை சொல்ல முடியலீன்னா அது கணக்குல வராது புள்ள," என்பார்.

தென்னைகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, மோட்டார் ரூம் வாசலில் கட்டில் போட்டுப் படிக்கிறவர் அவர். படிப்பதில் எனக்கு வேகம் அதிகம். ஆனால் சொல்வதில் அவர்தான் ஜெயிப்பார். ஒரு வருடம் அவர் சொன்ன கொலைக் கதையில் என் தோசை கருகிப்போனது.

போன ஆனி மாதம் அதே கட்டிலில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய மறுநாள் வாயனசாலைக்குப் போனேன். எங்கள் ஊர் நூலகத்தை மலையாளத்தில் அப்படித்தான் சொல்கிறோம். துக்கம் தாங்காமல் போனேன் என்று சொல்ல மாட்டேன். அழுகையே வரவில்லை. அந்த மாதத்துக்கு இரண்டு புத்தகம் பாக்கி இருந்தது, அவ்வளவுதான்.

அதன்பின் தவறாமல் படித்தேன். கண் வரிகளில் போகும், பக்கம் திரும்பும், புத்தகம் முடியும். கொடுத்துவிட்டு வேறு எடுத்து வருவேன். பொள்ளாச்சியில் வேலை பார்க்கும் மகன் போனில் கேட்டால், "படிக்கறேன் கண்ணு" என்பேன். அவனுக்கு அது நிம்மதியாக இருந்தது.

டிசம்பரில் ஒரு நாவலை எடுத்து வாயனசாலைப் பெண்ணிடம் நீட்டினேன். என்னிடம் படித்தவள். அட்டையைப் பார்த்துத் தயங்கினாள்.

"ஏனுங்க டீச்சர், இது நீங்க படிச்சதுங்களே."

"இல்லியே."

"போன மாசந்தானுங்க கொண்டாந்து குடுத்தீங்க. அதுக்கு முன்னாடியும் ஒருக்கா எடுத்தீங்க. சொல்ல வேண்டாம்னு இருந்துட்டனுங்க."

"என்ன கதை, சொல்லு பாக்கலாம்."

ரயில்வே ஊழியர் ஒருவரின் குடும்பக் கதை. மூத்த மகன் வீட்டைவிட்டுப் போவது வரை சொன்னாள். முதல்முறையாகக் கேட்பதுபோல நின்றுகொண்டிருந்தேன். பிறகு அதையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

வருடக் கடைசியில் மகன் வந்தான்.

"எத்தனைங்கம்மா ஆச்சு?"

"இருவத்திநாலும் ஆச்சு."

"அப்பா இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு."

"மாட்டாரு. ஆனிக்கப்புறம் படிச்சதுல ஒண்ணோட கதையும் எனக்குச் சொல்லத் தெரியாது."

அவன் முகம் மாறியது. "டாக்டரைப் பாக்கலாங்களாம்மா?"

"மறதியில்லடா. படிக்கறப்பவே உள்ள போகல."

அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அப்ப புது வருசத்துக்கு எத்தனைங்கம்மா?" என்று கேட்டான்.

"கணக்கு ஒண்ணும் வெக்கல" என்றேன்.

இப்போது காலையில் டீ குடித்துவிட்டு அந்த நாவலில் சில பக்கங்கள் படிக்கிறேன். நேற்று, அந்த ரயில்வேக்காரர் மாமனாரின் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிற இடம் வந்தது. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. பக்கத்தைத் திருப்பாமல் அதிலேயே கொஞ்ச நேரம் இருந்தேன். தேங்காய் போட ஆள் வந்து கூப்பிட்டார். எழுந்து போனேன்.