சேலை முனையில் மூன்று புள்ளி

தங்கை மகன் கல்யாணத்துக்குக் கட்ட, சலவையிலிருந்து வந்த சேலையைப் பிரித்தேன். கஞ்சி வாசனை மூக்கில் ஏறியதும் கை முதலில் முனையைத் திருப்பிப் பார்த்தது. இந்தப் புத்தி அம்மாவிடமிருந்து வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது உலகச் சண்டைக்காலம்; துணிக்குத் தட்டுப்பாடு. கல்யாணத்துக்குக் கட்டிப்போக அம்மாவிடம் ஒரே ஒரு அரக்குச் சேலைதான் இருந்தது. பக்கத்து ஊரான சேக்காட்டில் ஒரு கல்யாணம்; அன்று காலை, சலவைக்குப் போட்டிருந்த அதை வாங்க அம்மாவும் நானும் போனோம்.

"இன்னும் காயல தாயி," என்றார் சலவைக்காரர். யாருடையதோ ஒரு பச்சைச் சேலையை நீட்டினார். "இத கட்டிக்கினு போ. யாருக்குத் தெரியப் போவுது?"

மூன்று நாளாகச் சுள்ளென்று வெயில். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

பந்தலில் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை, சேலைகளைத்தான் பார்த்தாள். மணமேடைக்குப் பக்கத்தில் ஒருத்தி அரக்குச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா நேரே போய் அவள் முந்தானையைப் புரட்டினாள். துவைத்தாலும் போகாத சேங்கொட்டை மையில் சலவைக்காரர் போட்ட எங்கள் வீட்டுக் குறி, மூன்று புள்ளி.

"இன்னாம்மா இது? என் சேலை உன் மேல எப்டி வந்துச்சு?"

அவள் பதறவில்லை. அம்மாவின் பச்சை முந்தானையைப் புரட்டி, அதிலிருந்த ஒற்றைக் கோட்டைக் காட்டினாள்.

"கத்தாதக்கா. எனக்கு மாத்திக் குடுத்துட்டாரு, ஊட்டுல பிரிச்சப்புறந்தான் தெரிஞ்சுது. உன் மேல கீறது என்னுது."

பந்தியில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். அம்மா ரசத்தைத் தொடவேயில்லை. அவள் கண் அந்தப் பெண்ணின் கைமேலேயே இருந்தது, அந்தப் பெண்ணின் கண் அம்மாவின் கைமேல்; தன் சேலையில் மற்றவள் எதையும் சிந்திவிடக் கூடாதே என்று.

இன்று என் சேலை முனையில் சலவைக்கடையில் குத்திய என் பெயர்ச் சீட்டுதான் இருக்கிறது. இருந்தும் கல்யாண வீட்டில் யாராவது என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறேன்.