என் பெட்டி படிக்காத வட்டு

சிறு வயதிலிருந்து கூடவே வளர்ந்த ஒருவனை, ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்த கூட்டத்தின் நடுவே, திருடன் என்றும் காட்டிக்கொடுத்தவன் மகன் என்றும் சொன்னேன். இரண்டும் பொய். இதை எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது அவன் முகம்கூட அல்ல, ரேஷன் அரிசியின் மக்கிய நெடி. அந்த நெடி ஏறிய ஒரு கேசட்டால்தான் எல்லாம் வந்தது.

போர் முடிந்து, புது ஆட்சி வந்து, சைகோனுக்குப் புதுப் பெயர் வைத்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. டோங் டு தெருப் பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் எங்கள் வீடு. வாப்பா காரைக்காலிலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்தவர். கடை மூடிக் கிடந்தது. உம்மா இந்த ஊர்க்காரி, வாப்பாவைக் கட்டிய பிறகு தமிழ் கற்றவள். எனக்குப் பதினோரு வயது. அரிசியோடு "போபோ" என்ற முரட்டுத் தானியத்தையும் கலந்து கூப்பனுக்குக் கொடுத்தார்கள். அதற்காக நானும் பக்கத்து வீட்டு ஜப்பாரும் விடியற்காலையில் போய் வரிசையில் நிற்போம். அவன் வாப்பாவும் காரைக்கால்காரர், அவன் உம்மாவும் இந்த ஊர்க்காரி.

காரைக்காலில் இருந்த வாப்பாவின் அக்காளுக்கு எழுதும் கடிதங்கள் பிரித்து ஒட்டப்பட்டே போய்ச் சேர்ந்தன. அதனால் பேசி அனுப்புவது என்று முடிவானது. எங்களிடம் ஒரு டேப் ரெக்கார்டர் மிச்சமிருந்தது. நாங்கள் அதைப் "பேசுற பெட்டி" என்போம். மூன்று நாள் அந்தியில் கதவைச் சாத்திக்கொண்டு, தொண்ணூறு நிமிட கேசட்டின் இரண்டு பக்கமும் உம்மா பேசினாள். "மச்சி, நல்லா இருக்கியளா?" என்று வாப்பாவின் அக்காளை விளித்து ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்கினாள். ஜப்பாரும் அவன் வாப்பாவும் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். இருமல் வந்தால் ஜப்பார் சட்டையை வாயில் திணித்துக்கொள்வான்.

கேசட் போகவில்லை. "தபாலாபீசுல இத ஓடவிட்டுக் கேப்பானுவ. புரியாத பாஷைன்னா ரகசியம்னு நெனப்பானுவ" என்று சொல்லி வாப்பா அதை அரிசி டின்னுக்குள் புதைத்தார். அடுத்த வாரமே, தெருவைக் கண்காணிக்க அரசாங்கம் வைத்திருந்த தெருக்குழுவின் தலைவி இரண்டு பேரோடு பொருள்களைக் கணக்கெடுக்க வந்தாள். அலமாரியைத் திறக்கவில்லை, பெட்டிகளைத் தொடவில்லை, "டேப் ரெக்கார்டர் எங்கே?" என்று மட்டும் கேட்டாள். சீட்டு எழுதிக் கொடுத்து எடுத்துப் போனார்கள்.

அவர்கள் போனதும் வாப்பா கதவைத் தாளிட்டார். "அடுத்த வூட்டான்தான் சொல்லிருக்கான். வேற எவன் வந்து ஒக்காந்து கேட்டான்? இனிமே அந்தப் பயகிட்ட வாயத் தொறந்தே, தோல உரிச்சுருவேன்." ஜப்பாரின் வாப்பா மௌத்தாகும்வரை எங்கள் வாப்பா அவருக்குச் சலாம் சொல்லவில்லை. ஜனாஸா அடக்கத்துக்கும் போகவில்லை, என்னையும் போக விடவில்லை.

பிறகு நான் காரைக்காலில் வாப்பாவின் அக்காள் வீட்டில் தங்கிக் கல்லூரி வரை படித்து, வேலைக்காகச் சைகோனுக்கே திரும்பினேன். வாப்பா இல்லாமல் போன பின் ஜப்பாரோடு மெல்லப் பேச்சு வந்தது. அவன் கணினி பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருந்தான். வாப்பாவின் சொல் மட்டும் என் உள்ளே ஈரம் காயாமல் கிடந்தது. அவன் கடையில் காப்பி குடிக்கும்போதுகூட என் பணப்பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

உம்மா இருந்தவரை அந்தக் கேசட்டைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவள் போன பிறகு எடுத்துப் பார்த்தால் நாடா ஒட்டிக் கிடந்தது. ஓட்டினால் அறுந்துவிடுமோ என்று பயம். ஜப்பார்தான், "குடுடா, வட்டுல ஏத்தித் தர்றேன்" என்றான். உம்மாவின் குரல் உலகத்தில் அந்த ஒன்றில்தான் இருந்தது. கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு வட்டை நீட்டினான். "நாடா ரெண்டு எடத்துல அறுந்துருச்சு, ஒட்டிக்கிட்டு இருக்கேன். கேசட்ட அப்புறம் தர்றேன். தொண்ணூறு நிமிசமும் ஒரு சிடியில அடங்கல. வெட்டவும் மனசு வரல, பெரிய வட்டுல போட்டிருக்கேன்." பெரிய வட்டு என்கிறான், ஆனால் சிடியின் அளவேதான் இருந்தது. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

வீட்டில் கணினியின் தட்டில் வைத்தேன். உறுமிற்று, சுற்றிற்று, நின்றது. வட்டைச் செருகும்படி திரை கேட்டது. ஐந்து முறை துடைத்துத் துடைத்து வைத்தேன். வெறும் வட்டு. நாடா அறுந்தது பொய், கேசட்டை அழித்துவிட்டான், தன் வாப்பாவுக்காகப் பழி வாங்குகிறான் என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டே போனேன்.

வெள்ளிக்கிழமை, கை கால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டிக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்தேன். "ஒன் வாப்பா அன்னைக்குக் காட்டிக் குடுத்தாரு. நீ இன்னைக்கு என் உம்மாவையே திருடிட்டே." ஒரு பெரியவர், "தொழுத எடத்துலயே ஏன் தம்பி இந்தப் பேச்சு?" என்று என் தோளைத் தொட்டார். ஜப்பாரின் முகம் வெளுத்தது. பிறகு, "ஒன் பொட்டி எந்த வட்டப் படிக்கும்னு பாத்தியாடா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

அந்தக் கேள்வியைப் பொய்யென்று நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன். தட்டின் முன்விளிம்பில் சிடியின் முத்திரை மட்டும் அச்சாகியிருந்தது. முத்திரை எல்லாவற்றையும் சொல்லாமல் இருக்கலாம் என்று, கணினிக்குள் கருவிகளின் பட்டியலைத் திறந்து அந்த டிரைவின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டேன். இன்டர்நெட் கடைக்குப் போய், தயாரித்தவர்களின் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடினேன். எழுதும் சிடி, அழித்து எழுதும் சிடி என்று சிடியில் எல்லா வகையும் படிக்கும் என்று இருந்தது. டிவிடி என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை. பையிலிருந்த வட்டை எடுத்துப் பார்த்தேன். நடுத் துளையைச் சுற்றி, நான் படிக்கவே படிக்காத பொடி எழுத்தில், டிவிடி என்று இருந்தது.

அதையும் நம்பவில்லை. அந்தக் கடையிலேயே டிவிடி படிக்கும் கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி, வட்டைப் போட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டேன்.

"மச்சி, நல்லா இருக்கியளா?"

உம்மா மூச்சு வாங்குவதைக்கூட அவன் வெட்டவில்லை. கதவோரம் யாரோ இருமலை அடக்கினார்கள். இரண்டாம் பக்கம் முடியப்போகும் இடத்தில் ஒரு பையனின் கீச்சுக் குரல் குறுக்கே வந்தது. "உம்மா, நம்மகிட்ட பேசுற பொட்டி இருக்குன்னு அரிசி வரிசையில எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். அந்தத் தலைவி பொம்பள, அது எம்மாம் பெருசுன்னு கேட்டிச்சு. நான் கைய விரிச்சுக் காட்டுனேன்!" உம்மா பதறி, "வாப்பாக்கு கேக்கும், சும்மா இரு" என்றாள்.

என் குரல்தான். சொன்னது எனக்கு மறந்தே போயிருந்தது. உம்மாவுக்கு மறந்திருக்காது, வாப்பாவின் அடிக்குப் பயந்து என்னை மறைத்திருக்கிறாள். முழுக் கேசட்டையும் உட்கார்ந்து ஏற்றிய ஜப்பாருக்கும் தெரிந்திருக்கிறது. தொட்டிக்கரையில் அவ்வளவு பேர் நடுவில் அதை ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே தொட்டிக்கருகில், அதே ஆட்கள் முன்னால், தலைவியிடம் கை விரித்துக் காட்டியதுவரை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவன் வாப்பாவின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஜப்பார் கேட்டுக்கொண்டு நின்றான். "என் வாப்பா கேக்கலையே" என்றான். மறுநாள் ஒட்டிய கேசட் என் வீட்டு வாசலில் ஒரு உறைக்குள் கிடந்தது. அதன் பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

இப்போது எனக்கு அறுபது நெருங்கிவிட்டது. அந்தச் சந்தில் ஓட்டல் எழும்பிவிட்டது, இன்டர்நெட் கடைகள் போய்விட்டன. சென்ற ஆண்டு வாங்கிய கணினியில் வட்டு வைக்கத் தட்டே இல்லை. இதைப் பள்ளிவாசலில் யாரிடமோ புலம்பினேன். இரண்டு வாரத்தில், வெளியே வைத்துச் செருகும் டிரைவ் ஒன்று அங்கு வேலை செய்பவர் மூலம் என்னிடம் வந்து சேர்ந்தது. மேலே ஒரு சீட்டு, ஜப்பாரின் கோணல் தமிழ் எழுத்து: "சிடி படிக்கும். டிவிடி படிக்கும். எழுதுன வட்டு எல்லாம் படிக்கும்." வேறொன்றும் எழுதவில்லை.

உம்மாவின் குரலைக் கேட்க உட்காரும்போதெல்லாம் அந்தச் சீட்டையும் ஒருமுறை படிக்கிறேன். மன்னிப்பா, குத்தலா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அந்த மூன்று வரிக்குள்ளும் வேறு அர்த்தம் ஏதாவது இருக்குமோ என்று இன்னும் சந்தேகப்படுகிறேன்.